சட்டை நுனி

எங்கள் சூசைபாளையா ஊர் ஆண்களுக்குக் காக்கியைக் கண்டால் கை தானாகச் சட்டை நுனிக்குப் போய்விடும். ஒரு நாள் ஆட்டோக்கார அய்யாவு, காக்கி யூனிஃபார்ம் சட்டையோடு, தீப்பெட்டி கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் அமல், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, சட்டையை நெஞ்சுவரை தூக்கிவிட்டான். "ஏன் மச்சான், தீப்பெட்டிய அங்கயா வச்சிருக்கே?" என்று அய்யாவு கேட்க, தெருவே சிரித்தது. அமலும் சிரித்தான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போலீஸ் பேரிகேட் வந்து இரண்டு வருஷமாகிறது. பழைய கல்குவாரிக் கொட்டகையில் யாரோ கஞ்சாவைப் பதுக்கி வைத்து மாட்டிக்கொண்டார்கள். மாட்டியவர்களில் ஒருத்தர்கூட எங்கள் ஊர் இல்லை. ஆனாலும் எங்கள் ரோடு மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் இரும்புத் தடுப்பும் ஒரு தார்ப்பாய்க் கூடாரமும் முளைத்தன. சிட்டிக்கு வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு ஆளும் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டுப் பையைத் திறந்து, சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டி, ஒரு சுற்றுத் திரும்பிய பிறகுதான் போக முடியும். ஊருக்குப் பின்னால் கட்டியிருக்கும் அபார்ட்மெண்ட் கார்களும் அதே ரோட்டில்தான் வருகின்றன. அவற்றுக்குத் தடுப்பை நகர்த்திவிடுவார்கள். சில கார்களுக்கு சல்யூட்டும் உண்டு.

நான் சிட்டிக்குள் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆரம்பத்தில் தினமும் கத்தினேன். "ரெண்டு செகண்ட் வேலை ஜூடி, விடு" என்பார் என் கணவர் சில்வெஸ்டர். ஊரிலேயே வேகமாகச் சட்டையைத் தூக்குகிறவர் அவர்தான்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் அப்பா வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர். கலவை குழைக்கத் தம்பி அமல் கூட வந்தான். மூன்று நாள் வேலையை இரண்டு வாரம் இழுத்தார்கள். "லெவல் சரியில்ல அங்கிள், பேத்து ஒட்டணும்" என்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒட்டியதையே பெயர்த்துப் பெயர்த்து ஒட்டினார். அப்பாவுக்குக் கடைசிவரை அந்தக் கள்ளத்தனம் புரியவே இல்லை. எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

போன வருஷம் அவருக்குக் குடலில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். வயிற்றின் இடது பக்கம் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். இனி மலம் அந்தப் பையில்தான் வரும், ஆயுசுக்கும். ஆள் பிழைத்தாரே என்று எனக்குச் சந்தோஷம். அவருக்கு உலகமே நின்றுபோனது. "இந்தப் பை விஷயம் யாருக்கும் சொல்லக் கூடாது. அமலுக்குக்கூட" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பையை மாற்ற நர்ஸ் சோஃபியா எனக்குத்தான் கற்றுக்கொடுத்தாள். முதல் மாசம் மாற்றும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

நாற்றம் வந்துவிடுமோ என்று யாரையும் அண்டவிடவில்லை. அமல் பார்க்க வந்தால் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிடுவார். நாளாக ஆக அமலும் வருவதைக் குறைத்துக்கொண்டான். "அண்ணன் என்னை ஒதுக்கிட்டாரு அண்ணி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியது. சத்தியம் என் வாயைக் கட்டியிருந்தது. செக்கப்புக்குப் போவதென்றால் ஆம்புலன்ஸ்தான் வேண்டும் என்று இவர் அடம்பிடிப்பார். நடக்க முடியாமல் அல்ல. ஆம்புலன்ஸை பேரிகேட்டில் நிறுத்தமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை காலை, தலையைச் சீவிக்கொண்டே, "குழந்தை இயேசு கோயிலுக்குப் போயிட்டு வரலாமா ஜூடி?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் கல்யாணம் நடந்த கோயில் அது. தொளதொளவென்று இருக்கும் கட்டம்போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அய்யாவுவின் ஆட்டோவை வரச்சொன்னேன்.

"பேரிகேட்ல?" என்று ஏறும்போது கேட்டார்.

"நான் பேசிக்கிறேன். நீங்க உக்காருங்க."

இன்றைக்கு அங்கே அவமானப்பட்டால் இந்த மனுஷன் இனி வாசல்படி தாண்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வேலைக்குப் போகும் நேரம். எங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். அதில் அமலும் இருந்தான். கான்ஸ்டபிள் நாகேஷ் அரைத் தமிழும் அரைக் கன்னடமும் பேசுகிறவர். ஆட்டோவுக்குள் குனிந்து, "இறங்கு. ஷர்ட் எத்து, தூக்கு" என்றார்.

சில்வெஸ்டர் இறங்கினார். கை பழக்கத்தில் சட்டை நுனிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

நான் முன்னே போய் மெதுவாகச் சொன்னேன். "சார், வயித்துல பெரிய ஆபரேஷன் ஆனவரு. கூடாரத்துக்குள்ள வச்சுப் பாருங்க. ரோட்ல வேணாம்."

"தனியா எல்லாம் ஆகாதும்மா. எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்." அதற்குள் அவர் கண் சட்டைக்கு மேல் தெரிந்த புடைப்பில் விழுந்துவிட்டது. "ஏனு அது? இடுப்புல என்ன வச்சிருக்கே?"

சில்வெஸ்டர் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டார். சரியாக அந்த நேரம் பார்த்து அபார்ட்மெண்ட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வர, இன்னொரு கான்ஸ்டபிள் ஓடிப்போய்த் தடுப்பை நகர்த்தினார். கார் போய்விட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"எல்லாருக்கும் ஒரே ரூல்ஸா? அந்தக் கார்க்காரரை இறங்கிச் சட்டையைத் தூக்கச் சொல்லியிருந்தா இவரும் தூக்கியிருப்பாரு சார்! ரெண்டு வருஷமா எங்க ஆளுங்க வயித்தைப் பாக்கறீங்களே, ஒரு பொட்டலம் எடுத்திருக்கீங்களா? எதுக்குன்னு ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

"ஜாஸ்தி பேசறே. ஸ்டேஷனுக்கு வர்றியா?" நாகேஷின் குரல் ஏறியது.

அந்த வார்த்தை சில்வெஸ்டரை உடைத்துவிட்டது. எனக்காகப் பயந்துவிட்டார். "வேணாம் ஜூடி, விடு. நான் காட்டிடறேன்" என்று சட்டை நுனியைப் பிடித்தார். நான் என் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். ஒரு பக்கம் அவர் தூக்கப் பார்க்கிறார், மறுபக்கம் நான் இறக்கிப் பிடிக்கிறேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து அமல் வந்தான். வழக்கம்போலக் கூப்பிடுவதற்கு முன்பே சட்டையைத் தூக்கி வைத்திருந்தான். அண்ணனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெதுவாகச் சட்டையை இறக்கிவிட்டு, அதன் நுனியைப் பேண்டுக்குள் செருகி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டான்.

"அண்ணன் தூக்காது சார். நானும் தூக்க மாட்டேன்."

சிமெண்ட் கறை படிந்த பேண்டில் அவன் சட்டையை இன் செய்து நான் பார்த்ததே இல்லை. அவனுக்குப் பின்னால் நின்ற இன்னொருவர் செருகினார். அப்புறம் இன்னொருவர். யாரும் வண்டியை நகர்த்தவில்லை. ரோடு அடைத்துக்கொண்டது. அபார்ட்மெண்ட் கார்கள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நாங்கள் பேசிய நியாயம் எதுவும் நாகேஷின் காதில் ஏறவில்லை. அந்த ஹாரன் உடனே ஏறியது.

"ஹோகு, ஹோகு! போ!" என்று அய்யாவுவைப் பார்த்துக் கையை வீசினார். ஆனால் அமலின் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார். "நீ மட்டும் நில்லு."

சில்வெஸ்டர் ஆட்டோவில் ஏற மறுத்தார். அமல்தான் அவரைத் தோளைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தான். ஆறு மாசத்துக்கு அப்புறம் தம்பி அவரைத் தொட்டது அப்போதுதான். "போண்ணே. எனக்கும் சேத்து வேண்டிக்க."

கோயிலில் அவர் ஜெபம் சொன்னதாகத் தெரியவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் எதுக்குன்னுகூடக் கேக்கல ஜூடி" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்தபோது பேரிகேட்டில் அமல் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றார்கள். இவர் வீட்டுக்குள் போகவில்லை. ஜன்னலை விட்டு நகராத மனுஷன், அன்று முழுக்கத் தெருவில் எல்லாரும் பார்க்க வாசல் கேட்டில் நின்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அமல் நடந்து வந்தான். பெயரை எழுதிக்கொண்டு, நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்து, கேஸ் எதுவும் போடாமல் அனுப்பிவிட்டார்கள். வண்டி நாளைக்குத்தானாம். சட்டை இன்னும் செருகியபடியே இருந்தது.

"ஏன்டா, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா நீ?" என்றார் சில்வெஸ்டர்.

"கேட்டா மட்டும் சொல்லிடப் போறியா? ஜன்னல்லயே நின்னுக்கினு பேசற ஆளு நீ" என்றான் அமல். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சில்வெஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். நான் சமையலறைப் பக்கம் நகரப் பார்த்தேன். "நீயும் இரு" என்றார். பிறகு, யாரும் கேட்காமல், யாரும் அதட்டாமல், அவராகவே சட்டையைத் தூக்கினார்.

அமல் பார்த்தான். "வலிக்குதாண்ணே?"

"இல்லடா."

அமல் தரையில் மண்டி போட்டான். ஒட்டிய டைல்ஸை எப்படிப் பார்ப்பானோ அப்படியே தலையைச் சாய்த்துப் பார்த்து, பையின் ஓரத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டான். "யாரு அண்ணி ஒட்டினது? ஓரம் தூக்கிட்டிருக்கு பாருங்க. லெவல் சரியில்ல, பேத்து ஒட்டணும்."

சில்வெஸ்டர் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, என் அப்பா வீட்டுச் சமையலறையில் சிரித்த அதே சிரிப்பு. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"நாளைக்கு வண்டி எடுக்க ஸ்டேஷனுக்கு நானும் வரேன்" என்றார் அவர், சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே.

"அங்கேயும் சட்டையைத் தூக்கச் சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்குன்னு கேப்பேன்" என்றார்.