வாஞ்சோவின் பிரேக் சத்தம்

வாஞ்சோவின் காரை என் பட்டறையில் ஜாக்கில் ஏற்றியபோதே தெரிந்துவிட்டது, அந்தக் கிறீச் சத்தத்தை நிறுத்துவது பெரிய வேலையில்லை. பிரேக் பேடு மேலாகத் தேய்ந்து பளபளத்துப் போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் முதுகில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் வாயை மூடிவிடும். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆளைக் கொல்லாது, ஊரைக் கூட்டும், அவ்வளவுதான்.

கூட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

காரணம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் மனைவி ராத்காவோடு இரண்டு கோடைத் திருவிழாக்களில் கைகோத்து ஆடியவன் அவன். பிறகு இத்தாலிக்குப் போனான், நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இப்போது நரைத்த மீசையும் அப்பா விட்டுப்போன ஓட்டைக் காருமாகத் திரும்பி வந்திருக்கிறான். நரைகூட அவனுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, பாவி.

சைலன்சரை ஒட்டவைத்தேன். கதவுக்குள் விழுந்துகிடந்த கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினேன். ஒழுகிய தண்ணீர்ப் பம்பை மாற்றினேன்.

"பிரேக்கு, மேஸ்திரி?" என்றான்.

"வயசான வண்டி. பொலம்பத்தான் செய்யும்."

"ஊரே திரும்பிப் பாக்குதுய்யா!"

"பாக்கட்டுமே. நீதான் பாக்க லட்சணமா இருக்கியே."

சிரித்தான். அத்தனையும் சொந்தப் பல்.

எங்கள் வீதி செங்குத்து. பட்டறை கீழே, வீடு மாடியில். சர்ச் வளைவில் இறங்குகிறவன் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். எந்த வண்டிக்கு அடியில் நான் படுத்திருந்தாலும் அந்தக் கிறீச் என் காதுக்கு வந்துவிடும். வருகிறானா, நிற்கிறானா, போய்விட்டானா, எல்லாம் தெரியும். பூனைக்கு மணி கட்டிவிட்ட தைரியத்தில் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டு வைக்கும் பருவம் வந்தது. ஒருநாள் தீப்பெட்டி எடுக்க மாடியேறினேன். பால்கனி அடுப்பில் ராத்கா சிவப்பு மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரி, தலையில் பழைய துணி. சர்ச் வளைவில் கிறீச்சென்றது.

ராத்கா சட்டென்று கையைத் துடைத்தாள். தலைத்துணியை உருவினாள். ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கார் நிற்காமல் போனது. துணியை மறுபடி கட்டிக்கொண்டாள். மிளகாய் ஒரு பக்கம் கருகிவிட்டிருந்தது.

படிக்கட்டில் நான் நின்றதை அவள் பார்க்கவில்லை. மணியை எனக்காகக் கட்டியதாக நினைத்தேன். அவளுக்கும் காது இருப்பதை மறந்துவிட்டேன்.

மறுநாளே வாஞ்சோவைக் கூப்பிட்டு, "பார்ட்ஸ் வந்துருச்சு" என்று புளுகி, உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கார் பட்டுப்போல இறங்கிப் போனது.

ஒரு வாரம் கழித்து ராத்கா காப்பி ஊற்றும்போது, வேறெங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"வாஞ்சோ ஊர்லதான் இருக்கானா?"

"இருக்கான்."

"சத்தத்தையே காணோமே?"

"பிரேக்கைச் சரி பண்ணிட்டேன்."

"ஓ," என்றாள். "அப்போ எப்ப வர்றான், எப்ப போறான்னே தெரியாது."

இப்போது அவள் விடிந்ததுமே தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் பால்கனிக்கு வருகிறாள். இருட்டும்வரை அப்படியே இருக்கிறாள். பழைய தலைத்துணி பட்டறைக்கு வந்துவிட்டது, அதில்தான் கிரீஸ் துடைக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளைத் தட்டுகிறார்கள்.

"கொடுத்துவச்சவன்யா நீ!"