அறுநூற்று அறுபத்தாறாம் பாட்டு

திருச்சபையில் எல்லோரும் அவரைத் தராசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் அரசு ஆய்வாளர் அவர். கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியிருப்பார்கள், தட்டின் அடியில் காந்தத்தை ஒட்டியிருப்பார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்து, மனைவியிடம் முழங்கையால் இடி வாங்கியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அச்சகத்திலிருந்து வந்த கட்டு ஒன்று கிடந்தது. சபையின் புதிய பாட்டுப் புத்தகத்துக்குக் கடைசி மெய்ப்பு. அவருடைய மனைவி எழுதிய ஒரே பாட்டு அதில் வருகிறது. ஜெபம் பண்ண உட்கார்ந்து, பாதியிலேயே தூங்கிப்போகிற ஒருவனைப் பற்றிய பாட்டு. பாடகர் குழுவை நடத்துகிற தராசுக்காரர்தான் அதற்கு மெட்டுப் போட்டார். தன் பாட்டு என்றால்கூட அவ்வளவு பேரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பக்கத்தைக் கண்டுபிடித்ததும் அவர் கண் பாட்டின் மேல் போகவில்லை, அதன் தலையில் இருந்த எண்ணில் நின்றுவிட்டது. 666.

இன்னொருவராக இருந்தால் ஏதோ ஒரு எண் என்று பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். ஆனால் வேதத்தில் வரும் எண்களின் அர்த்தத்தைப் பற்றிச் சபையில் வகுப்பு எடுத்தவரே அவர்தான். ஏழு என்றால் நிறைவு, பன்னிரண்டு என்றால் தெரிந்தெடுக்கப்பட்ட ஜனம், நாற்பது என்றால் சோதனைக் காலம் என்று அபராதச் சீட்டு எழுதுகிற தோரணையில் சொல்லிக்கொண்டு போவார். வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் சாத்தானின் ஆளாக வருகிற மிருகத்தின் எண்ணான 666க்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டார். அந்த வகுப்புக்குப் பிறகு ஒரு அம்மாள் தன் போன் நம்பரையே மாற்றிக்கொண்டார்.

ஆகவே யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பாட்டுப் புத்தகக் குழுவின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பாடகர் குழு ரொம்ப இழுத்துப் பாடுகிறது என்று அவருக்கு எப்போதும் குறை. "நீங்க பாடி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு பல்லு பிடுங்கிடுவேன்" என்று நாலு பேர் நடுவில் சொன்ன ஆள். அந்த எண்ணில் உட்கார வைத்துவிட்டால் பாட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். புத்தகத்துக்குள்ளேயே புதைத்த மாதிரி. அதற்குப் பதில் பாட்டைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று தராசுக்காரர் முடிவு செய்தார். நாளை அச்சு ஓடப்போகிறது. இன்றைக்கே போய்ச் சொல்லியாக வேண்டும்.

தானும் பாடுகிற பாடகர் குழுவின் அங்கி ஒன்றுக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த மனைவி, செருப்பு மாட்டுகிறவரைப் பார்த்து எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். பல் வலி என்றார் அவர்.

"எந்தப் பல்லு?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கிளினிக்கில் இருந்த பெண்ணிடமும் பல் வலி என்றே சொல்லும்படி ஆகிவிட்டது. அதனால் நாற்காலியில் சாய வேண்டியிருந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவர் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரின் சிறு கண்ணாடி வாய்க்குள் போய்விட்டது. வாயைப் பிளந்துகொண்டு யாருடனும் சண்டை போட முடியாது. பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தபடியே டாக்டர் கடைவாய்வரை தட்டிப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே தட்டுகிறார் என்று தராசுக்காரருக்குப் பட்டது.

கண்ணாடி வெளியே வந்ததும் அவர் விஷயத்தைக் கொட்டினார். மெய்ப்பைப் பார்த்தாகிவிட்டது, யார் வேலை என்று தெரியும், பாட்டை எடுத்துவிடுங்கள்.

டாக்டர் நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். பாட்டுகளைப் பொருள்வாரியாக அடுக்கியபோது அந்த எண் முதலில் வேறொருவர் பாட்டுக்கு வந்ததாம். அவர் வீட்டுக்கே வந்து, வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினாராம். அடுத்த பாட்டை அங்கே நகர்த்தினால், அதை எழுதியவர் குழுவிலிருந்தே விலகிவிடுவதாகச் சொன்னாராம். எதற்கு வம்பு, 665க்கு அப்புறம் நேராக 667 போட்டுவிடலாம் என்றுகூடக் குழுவில் பேச்சு வந்ததாம்.

"ரெண்டு பேரும் எங்க இருந்து இதைக் கத்துக்கிட்டாங்கன்னு நினைக்கறீங்க, சார்? உங்க வகுப்புல முன்வரிசையில உக்காந்தவங்க."

தராசுக்காரர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். சரி, அதற்காக என் மனைவியின் பாட்டுதான் கிடைத்ததா என்று கேட்டார்.

"நாங்க கொண்டு போய் வைக்கல. அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. பல் அடைக்க வந்தப்போ, இதே நாற்காலியில உக்காந்து சொன்னாங்க. இப்போ எடுக்கறதா இருந்தாலும் அவங்க வாயாலதான் சொல்லணும். பாட்டு அவங்களோடது."

வெளியே வந்தவருக்குக் கால் வீட்டுப் பக்கம் சீக்கிரம் நகரவில்லை. மனைவி பல் அடைக்கப் போனது தெரியும். தானும் கூட வருவதாகச் சொன்னபோது, எதற்கு, நான் என்ன குழந்தையா என்று தடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்த பிறகு இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைக்காரன் தானாகவே தராசை எடுத்து நீட்டினால், அவர் கல்லாவுக்குக் கீழே பார்ப்பவர். தானாகப் போய் அந்த எண்ணை வாங்கிக்கொண்டதற்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது? டாக்டர் ஏதாவது சொல்லி மனதைக் கலைத்திருப்பானோ? இல்லை, பாட்டு எழுதியதே பிடிக்காமல் போய்விட்டதோ?

மனைவி அதே அங்கியின் இன்னொரு கரையில் இருந்தார்.

"பல்லு என்ன ஆச்சு?"

"நீயா கேட்டு வாங்கினியாமே."

ஊசி நின்றது. "அவர் சொல்லிட்டாரா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் தாளையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். பாட்டை எடுத்துவிடும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், கையோடு கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றார். மனைவி பேனாவைத் தொடவில்லை. பாட்டை எடுத்து எண்ணை விட்டுவிட்டு அச்சடித்தால், புத்தகத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் முதலில் அந்த ஓட்டையைத்தான் தேடிப் பார்ப்பார்கள் என்றார். பிறகு துணியை மடியில் போட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறுன்னா என்னன்னு வகுப்புல என்ன சொன்னீங்க?"

"மனுஷன். ஆறாம் நாள் படைச்சது."

"அப்புறம்?"

"ஏழுக்கு ஒண்ணு குறைச்சல். நிறைவுக்குக் கிட்ட வந்தும் எட்டாதவன்."

"அந்த எண்ணு மிருகத்தோடதுன்னு சொல்லிட்டு, மனுஷனோடதுன்னும் அதே இடத்துல எழுதியிருக்குன்னு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க. எல்லாரும் மிருகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனாங்க. எனக்கு மனுஷன் ஞாபகம் இருந்தான். ஜெபத்துல பாதியில தூங்கிப்போறவனை வேற எங்க வைக்கறது?"

தராசுக்காரர் பேனாவை மூடினார். தாளை மடித்தார். மடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சந்தேகம் தலைதூக்கியது. ராத்திரி ஜெபத்தில் முழங்காலில் இருந்தபடியே கட்டிலில் தலை சாய்த்துக் குறட்டை விடுகிற தன்னை, தோளைத் தொட்டு எழுப்புகிற கை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"அந்தப் பாட்டு யாரைப் பத்தி?"

மனைவி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். "மெட்டுப் போட்டவருக்கு இன்னுமா தெரியல?"

புத்தகம் அச்சாகி வந்தது. 666 புத்தகத்தில் இருந்தது, பாட்டைத்தான் யாரும் கேட்கவில்லை. வாரா வாரம் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துச் ஆலயச் சுவர்ப் பலகையில் அவற்றின் எண்களை மாட்டுகிறவர் தராசுக்காரரே. அந்த வேலையை அவர் வேறு யாரையும் நம்பி விட்டதில்லை. சில ஞாயிறுகள் பலகைக்கு முன்னால் நின்று, கடைசியில் வேறு எண்ணை மாட்டிவிட்டு வந்தார். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதிலேயே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிறு ஆராதனைக்கு முன் எண் அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்தார். ஒரு ஆறு கிடைத்தது. இன்னொன்றும் கிடைத்தது. மூன்றாவது இல்லை. பெட்டியைக் கவிழ்த்தார், அடியில் பார்த்தார். இரண்டே ஆறு. ஆலயத்தைப் பெருக்குகிறவரைக் கூப்பிட்டு விசாரித்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் சொன்ன வேகம் சரியில்லை. பின்வரிசையில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்து, புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தார். போன் நம்பரை மாற்றிய அம்மாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் எடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பெட்டியில் ஒரு ஒன்பது கிடந்தது. அதைக் கையில் எடுத்தவர் வழக்கப்படி கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அப்படியே, தலைகீழாக, இரண்டு ஆறுகளுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஓட்டை கீழே போய்விட்டதால் அட்டையை ஆணிக்குப் பின்னால் செருக வேண்டியிருந்தது, மற்றவற்றைவிட ஒரு நூலளவு இறங்கி நின்றது. ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, போதும் என்று விட்டுவிட்டார்.

சபை எழுந்து நின்றது. முதல் அடியைப் பாடகர் குழு மட்டும்தான் பாடியது. இரண்டாவது அடியில் அங்கங்கே சில குரல்கள் சேர்ந்தன. டாக்டருடைய குரலும் கேட்டது, வழக்கம்போல் தாளத்துக்கு முந்திக்கொண்டு. கடைசி அடி வந்தபோது தராசுக்காரர் கண்களை மூடிக்கொண்டார். ஒரு கணம் கழித்து, பாடகர் வரிசையிலிருந்து ஒரு கை அவர் தோளைத் தொட்டது. அவர் தூங்கவில்லை. ஆனால் அதை மனைவி நம்பினாரா என்பதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.