மண்ணெண்ணெய் மணக்கும் ரீஸ்லிங்

1.
இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. வெம்பிளியில் ஒரு கலியாணச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவர் இரண்டு வரியில் சொன்னார். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜெர்மனியின் ஆற்றங்கரைச் சரிவுகளில் காலங்காலமாக விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை..."

[வெட்டு. என் கதாநாயகன் யோகராஜா ஜெர்மனியை லொறிக்குள் ஒளிந்திருந்து கடந்தவர். சரிவை எங்கே கண்டார்?]

2.
யோகராஜாவுக்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வைன் கடை. அவருடைய பெயரை முழுசாகச் சொல்லும் ஒரே வெள்ளைக்காரர், பழைய வாடிக்கையாளர் எட்வேட். தன் மகள் பிறந்த எழுபத்தாறாம் வருட ரீஸ்லிங் வைனில் பன்னிரண்டு போத்தலை அவளுடைய கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார் எட்வேட். சின்ன வீட்டுக்கு மாறியபோது அவற்றை யோகராஜாவின் நிலவறையில் ஒப்படைத்தார். 2004இல் கலியாணம் வந்தது. ஒன்றைத் திறந்து பார்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

திறந்தால் மண்ணெண்ணெய் மணந்தது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனுசன். அந்த மூக்கு பிழை விடாது. நிலவறை மூலையில் அவருடைய மண்ணெண்ணெய் ஹீட்டர் வேறு நின்றது. அதன் மணம்தான் போத்தலுக்குள் இறங்கிவிட்டது, பிழை தன்னுடையதென்றே நம்பினார். அடுத்த போத்தலும் அப்படியே மணந்தது.

"கலியாண வீட்டில நஞ்சையே குடுக்கிறது?" என்று ஒவ்வொன்றாகச் சிங்கில் ஊற்றினார். பன்னிரண்டாவதை மனைவி பாலாம்பிகை பறித்துக்கொண்டாள்.

"அந்தாளைக் கேக்காமல் ஊத்துறியளே! ஒண்டாவது கிடக்கட்டும்."

(எழுதுகிறவன் நான். முதல் போத்தலிலேயே தடுத்திருக்கலாம். ஆனால் அவர் இடத்தில் நானும் ஊற்றித்தான் இருப்பேன்.)

3.
மண்ணெண்ணெய் மணத்தைச் சொல்லி, பதிலுக்கு வேறு வைன் கேட்டு, மொத்த வியாபாரி கமலநாதனுக்கு போன் எடுத்தார். கமலநாதன் மலேசியாக்காரர், இந்தத் தொழிலில் ஊறியவர்.

"அண்ணே, பழைய ரீஸ்லிங்னா அந்த வாசம் வரத்தான் செய்யும். அதுக்காகவே தேடி வாங்குறாங்க. ஊத்திடலையே?"

யோகராஜா போனை வைத்துவிட்டு வெற்றுப் போத்தல்களை எண்ணிப் பார்த்தார்: பதினொன்று.

4.
முடிவு ஒன்று: குழாய் வெடித்து நிலவறையில் வெள்ளம், போத்தல்கள் உடைந்தன. எழுதிப் பார்த்தேன். பாலாம்பிகை ஒத்துழைக்கவில்லை. "பொய்ச்சாட்சிக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ. எனக்கு ஏலாது."

முடிவு இரண்டு: உண்மையைக் கேட்டு எட்வேட் விழுந்து விழுந்து சிரிக்கிறார். [வெட்டு. இருபத்தெட்டு வருடம் காத்திருந்த தகப்பன் எனக்கு வசதியாகச் சிரிப்பாரா?]

முடிவு மூன்று: எட்வேட் இரண்டு கிளாசோடு கடைக்குள் வருகிறார். யோகராஜா மிஞ்சிய ஒற்றைப் போத்தலை மேசையில் வைத்து, "எட்வேட், மற்றப் பதினொன்றையும் நான்..." என்று தொடங்கி, முழுவதையும் சொல்லி முடிக்கிறார். ஹீட்டரைக்கூட மறைக்கவில்லை.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். அவரைப் பொய் சொல்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். மன்னிக்கிற வேலை எழுதுகிறவனுடையது அல்ல.

இனி எட்வேட் நீங்கள்தான். உங்கள் மகளுக்குச் சனிக்கிழமை கலியாணம். எதிரே ஒரு மனுசன் தலை குனியாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கள்.