ஐந்தாம் வரிசை, நான்காவது பலகை

கார் சீட், சலூன் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று இருபத்தாறு வருடமாக அடுத்தவர்கள் உட்காரும் இடங்களைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சீட்டைப் பிரித்துக் காட்டினால் போதும், அதில் உட்கார்ந்தவரைப் பற்றிப் புட்டுப் புட்டு வைப்பேன். கால் ஆட்டுகிறவரா, பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கிறவரா, வண்டியில் மனைவி ஏறினால் ஜன்னல் பக்கம் ஒதுங்குகிறவரா, எல்லாம் ஃபோமில் பதிந்திருக்கும். என் மனைவி மட்டும் இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். "எதிர்ல நிக்கிற ஆளையே உங்களுக்குப் புரியாது, இதுல சீட்டைப் பார்த்துச் சொல்றாராம்" என்பாள்.

குருமடத்துச் சிற்றாலயத்தில் முழந்தாளிடும் பலகைகளுக்கு மெத்தை மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு பலகை. அங்கேதான் எங்கள் ஒரே மகன் எட்டு வருடமாகச் சாமியாருக்குப் படிக்கிறான். அவனுடைய அப்பா என்பதற்காகக் கூப்பிட்டார்களா, தையல் நன்றாக இருக்கும் என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

நான் வேலைக்குப் போன அந்த வாரம் அவர்களுக்கு மௌன தியானம். எட்டு நாள் யாரும் யாரிடமும் பேசக்கூடாது. தியானம் முடிகிற அன்று கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவரும் ஆயருக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதவேண்டும், எனக்குக் குருப்பட்டம் வேண்டும் என்று. எழுதாதவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் மகனும் எழுதவேண்டியவன்.

பங்குக் கோயிலில் யார் கேட்டாலும் நானும் என் மனைவியும் "கடவுள் சித்தம்" என்று ஒரே குரலில் சொல்வோம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் இருவருக்கும் ஒரே ஆசைதான். அவன் எழுதக்கூடாது. திரும்பி வரவேண்டும்.

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"எழுதப்போறானான்னு கேளுங்க."

"பேசக்கூடாதும்மா."

"சரி, வலது முட்டியில தையல் போட்டாங்கல்ல, அது இன்னும் வலிக்குதான்னாவது கேளுங்க."

"அதுக்கும் பேசத்தானே வேணும்?"

"எட்டு வருஷத்துக்கு அப்புறம் நாள் முழுக்க அவன்கூட இருக்கப்போறீங்க. ஒண்ணுமே தெரிஞ்சுக்காம வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிற்றாலயம் சுத்தமாக, குளிர்ச்சியாக, மெழுகு வாசனையோடு இருந்தது. வீட்டில் நான் செபம் சொன்னால் மூன்றாவது வரியில் கொட்டாவி வரும். இங்கே கொட்டாவி விடவே பயமாக இருந்தது. கோயிலைக் கவனித்துக்கொள்ளும் பிரதருக்கு மட்டும் என்னிடம் பேச அனுமதி, அதுவும் வேலையைப் பற்றி மட்டும். அவர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். மொத்தம் எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு இருக்கை. வகுப்புக்கு ஒரு வரிசை. சேர்ந்த வருடம் கிடைத்த வரிசைதான் கடைசிவரை.

"கடைசி வருஷத்துக்காரங்க எந்த வரிசை, பிரதர்?"

"அஞ்சாவது. அவங்க வந்த வருஷம்தான் அந்த வரிசைக்குப் புது மெத்தை போட்டாங்க. அதுல இருந்தே ஆரம்பிங்க."

நான் வேறெங்கும் ஆரம்பிப்பதாக இல்லை.

கடைசி இருக்கையிலிருந்து தொடங்கினேன். ஆறாவது பலகையில் பார்க்க ஒன்றுமில்லை, சாதாரண ஆள், சாதாரண முட்டி. ஐந்தாவதைப் பிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடது பக்கம் ஃபோம் செத்துப்போய் மரப்பலகை வரை பள்ளம். வலது பக்கம் லேசான தடம் மட்டும். இப்படி ஒரு மெத்தையை நான் லாரி டிரைவர் சீட்டில்கூடப் பார்த்ததில்லை. இந்தப் பையன் எல்லோரும் எழுந்து போன பிறகும் எழுந்திருக்காதவன். இவன் கடிதம் எழுத மாட்டானா என்று இவனைப் பெற்றவள் காத்திருந்தால், பாவம், அவள் வேறு வேலையைப் பார்க்கலாம். பழைய ஃபோமைச் சாக்கில் திணித்துவிட்டுப் புதியதை வைத்து அடித்தேன்.

மதிய செபத்துக்கு மணி அடித்தது. நான் ஓரமாக ஒதுங்கினேன். ரெக்சின் இழுத்து அடிக்கும்போது சிற்றாணிகளைப் பல்லில் கடித்துக்கொள்வது என் வழக்கம். அந்தக் கோலத்தில் நான் நிற்க, வெள்ளை அங்கியில் மகன் வந்தான். என்னைப் பார்த்துத் தலையை அரை அங்குலம் அசைத்தான். வாயைத் திறந்தால் ஆணி கொட்டும் என்பதால் நானும் அரை அங்குலம் அசைத்தேன். ஐந்தாம் வரிசைக்குப் போய் நான்காவது இருக்கையில் நின்றான். ஆறாவது இருக்கை காலியாக இருந்தது. யாருக்கோ காய்ச்சல் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் நான்காவது பலகைக்குப் பாய்ந்தேன்.

ஃபோம் கடையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. நடுவில் பள்ளமில்லை, ஓரத்தில் நசுங்கலில்லை. இதில் வந்தவன் முட்டியைப் பேருக்குத்தான் வைத்திருக்கிறான், மற்ற நேரம் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்திருக்கிறான். பெற்ற மகனுக்கு எட்டு வருடமாகச் செபத்தில் மனசில்லை என்று தெரிந்தால் ஒரு கத்தோலிக்கத் தகப்பன் வருத்தப்படவேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே குழாயடிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வந்துருவான் போல இருக்கு."

"அவனே சொன்னானா?"

"மெத்தை சொல்லுது."

எப்போதும் நம்பாதவள் அன்றைக்குப் பார்த்து உடனே நம்பினாள். "அவன் ரூம்ல உங்க ரெக்சின் உருளையெல்லாம் கிடக்குதே, நான் எடுத்து வெளிய போடுறேன்" என்றாள். பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் அப்போதே கேட்டது.

நான் விசிலடிக்காத குறையாக உள்ளே வந்தேன். பிரதர் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறாவதையும் தைச்சிட்டீங்களா? அதுக்கு அவசரமே இல்லையே, இப்ப ஆள் இல்ல."

"காய்ச்சலா?"

"இல்ல. ஒருத்தர் போயிட்டார், செவ்வாய்க்கிழமை காலையில. இந்த வகுப்புல எட்டு வருஷத்துல அவர்தான் முதல் ஆள்."

"ஆறாவது இடத்துக்காரரா?"

"நாலாவது. ஒருத்தர் போனா நடுவுல இடம் காலியா விடமாட்டோம், மத்தவங்க மனசு கலங்கும். அவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு இடம் தள்ளி வந்துருவாங்க. நாலுல இப்ப இருக்கிறவர் செவ்வாய் வரைக்கும் அஞ்சுல இருந்தார்."

பிறகுதான் அவருக்கு நான் யாருடைய அப்பா என்பது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. இது வேலையைப் பற்றிய பேச்சில்லை என்பதும். மெதுவாக நகர்ந்துவிட்டார்.

என் தொழில் என்னை ஏமாற்றவில்லை. நான்காவது பலகைக்காரன் வீட்டுக்குப் போவான் என்று சொன்னேன், போய்த்தான் இருக்கிறான். அவன் வேறு ஒருவர் பெற்ற பிள்ளை, அவ்வளவுதான்.

சாக்கைக் கவிழ்த்து அந்த ஐந்தாவது ஃபோமைத் தேடி எடுத்தேன். வலது முட்டியை வைக்க முடியாமல் உடம்பு மொத்தத்தையும் இடது முட்டியிலேயே தாங்கியிருக்கிறான். ஒன்பது வயதில் என் பட்டறை ஏணியிலிருந்து விழுந்து வாங்கிய தையல் அது. ஊர் உலகத்தின் சீட்டையெல்லாம் படித்தவன், இதைக் காலையில் கையில் வைத்துக்கொண்டு யார் பெற்ற பிள்ளையோ என்று பரிதாபப்பட்டேன். பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தேன். என் கை முழுசாக உள்ளே போனது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பேசாத இடம் என்பதால் அழுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது பலகையை மறுபடி எடுத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு அடுக்கு ஃபோம். இதற்கு வலது பக்கம் எல்லாவற்றிலும் மிருதுவான ஃபோமாகப் பார்த்து இரண்டு அடுக்கு வைத்தேன். இடது பக்கம் லாரி சீட்டுக்குப் போடுகிற கெட்டி ஃபோம். அது முப்பது வருடம் தாங்கும். மேலே ரெக்சினை இழுத்து அடித்ததும் வெளியே வித்தியாசம் தெரியவில்லை.

மாலை செபத்துக்கு மகன் வந்து முழந்தாளிட்டான். இடது முட்டி, பிறகு வலது. வலதை வைத்தவன் குனிந்து பலகையைப் பார்த்தான். மெல்லத் திரும்பி நான் நிற்கும் ஓரத்தைப் பார்த்தான். தலையை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது போன் அடித்தது.

"ரூமை ஒழிச்சுட்டேன், பாய்கூட உதறிப் போட்டாச்சு. என்னைக்கு வர்றான்?"

"வலது முட்டி இன்னும் வலிக்குதும்மா அவனுக்கு" என்றேன்.

அந்தப் பக்கம், ரெக்சின் உருளையை மறுபடி அறைக்குள் இழுக்கும் சத்தம் கேட்டது.