வெள்ளிக்கிழமை வரும் அறை

சுங்கை செம்பிலாங் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், மூன்றாம் டிவிஷனின் கடைசி லயத்தில் குடியிருந்த கலாவதியின் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஓர் அறை அதிகமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் வந்து, மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்ததும் போய்விடும். முதல் தடவை வந்தது கோவிட் அடங்கிய வருடத்தில். கலாவதி வீட்டைத் துடைத்து, தலைக்குக் குளித்து, காமாட்சி விளக்கை ஏற்றித் திரும்பினாள். அரிசி கொட்டி வைக்கும் தோம்பு இருந்த சுவரில் ஒரு கதவு இருந்தது. முதலில் அவள் தோம்பைத்தான் தேடினாள். அது பத்திரமாக அடுப்படிக்கு நகர்ந்திருந்தது. பிறகு கதவைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளைத் துணி விரித்த நீள மேசை, எட்டு நாற்காலிகள், ஏற்றப்படாத இரண்டு மெழுகுவர்த்திகள். ஆட்கள் யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே செம்பனை தெரியவில்லை. கல் பாவிய ஒரு தெருவும் ஈரமான ஒரு கூரையும் தெரிந்தன. அறையில் குளிராக இருந்ததால் கலாவதி கம்பளிச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. புருஷன் இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் கிடையாது. லயத்தின் மற்ற பதினோரு வீடுகளும் காலியாகிவிட்டன; ஓடுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால், அவள் சமைக்கும் பள்ளிக்கூடக் கேண்டீன் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அறையைப் பற்றித் திங்கட்கிழமைதான் சொல்ல முடிந்தது.

கேண்டீனில் கூட வேலை செய்த மவுரீன் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். எழுத்து இருந்த இடமெல்லாம் கைப்பேசியைப் பிடித்து மொழிபெயர்த்தாள். மொழி ஹங்கேரியன் என்று கைப்பேசி சொன்னது. சுவரில் ஒரு படம்: முதல் உலகப் போரில் அந்த நாட்டு ராணுவத்தில் சண்டை போட்டு மூன்று பதக்கம் வாங்கிய மனிதர். அதன் கீழே அவருடைய அச்சகத்தின் அனுமதிப் பத்திரம். மேசை இழுப்பறையில் 1939ஆம் ஆண்டுக் கடிதம்: அவர் யூதர் என்பதால் அந்த அனுமதி ரத்து. கதவு நிலையில் மூன்று பிள்ளைகளின் உயரத்தை வருடாவருடம் பென்சிலால் குறித்திருந்தார்கள். கடைசிக் கோடு 1944 ஏப்ரலில் நின்றிருந்தது. ஒரு நாற்காலியின் முதுகில் சின்னக் கோட்டு ஒன்று தொங்கியது. அதன் மார்பில் மஞ்சள் துணி நட்சத்திரம் பாதி தைத்தபடி, ஊசி குத்தியபடியே இருந்தது. மவுரீன் இணையத்தில் தேடிப் படித்துச் சொன்னாள்: நூற்றாண்டுகளாக அந்த நாட்டில் வாழ்ந்த யூத ஜனங்களில், அந்த வருடம் எட்டே வாரத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை.

“இவங்க வீட்டுப் பொம்பளைங்க வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்துவாங்களாம், கலா. ஏத்த ஆளில்லாம இந்த ரூம்பு எங்கெங்கயோ சுத்திட்டு, நீ விளக்கேத்துறதப் பாத்துட்டு வந்திருக்கு. ஆளு மாறி வந்துருச்சு.”

“வந்தது வந்துருச்சு. இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் கலாவதி.

மெழுகுவர்த்திகளை அவள் தொடவில்லை. சொல்லாமல் இன்னொருத்தி வீட்டு விளக்கை ஏற்றுவது மரியாதை இல்லை என்று நினைத்தாள். தன் விளக்கை ஏற்றிக் கதவருகே வைத்துவிட்டு, நிலைப்படியில் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். மறு வருடம் டிங்கி காய்ச்சலில் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு வெள்ளிக்கிழமை விளக்கு ஏறவில்லை. திரும்பி வந்து ஏற்றியபோது மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள்தான் இருந்தன. வாரத்துக்கு ஒன்று போயிருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு அவள் அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டுப் போகவில்லை.

தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. கலாவதிக்கு புக்கிட் பெருந்துங்கில் நான்காம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். லயத்தை அளக்க வந்த யுவனேஸ்வரன் ஒரு வியாழக்கிழமையும் மறுநாள் சாயங்காலமும் டேப் பிடித்தான்.

“அக்கா, நேத்து ரெண்டு ரூம்புதானே இருந்துச்சு?”

“நேத்து வியாழக்கிழமை தம்பி.”

அவன் அலுவலகத்தில் வியாழக்கிழமைக் கணக்கையே எழுதிக்கொடுத்தான். நல்ல பையன். ஆனால் காலி செய்யும் தேதியை அவனால் மாற்ற முடியவில்லை. தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது. முன்னாடியே போகலாமென்றால் லோரிக்காரன் அகிலனுக்கு மற்ற நாளெல்லாம் மண் ஏற்றும் ஓட்டம்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டால் நான்கு மணிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். மழை பிடித்தது. ஈஜோக்கில் டயர் பஞ்சர். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியபோது மணி ஏழு. முன்னால் ஒரு மரம் விழுந்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மழை விட்டு, செம்பனைகளுக்குப் பின்னால் வானம் சிவந்தது. மடியில் சேலையில் சுற்றி வைத்திருந்த விளக்கோடு கலாவதி இறங்கி, லோரியின் பின்பக்கம் ஏறினாள். அலமாரிக்கும் மெத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து தீக்குச்சி கிழித்தாள். காற்று அணைத்தது. மறுபடி கிழித்தாள். இந்த நடுரோட்டில் அறை எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழாவது குச்சியில் திரி பிடித்தது. லோரி பின்பக்கம் ஒரு தரம் அமிழ்ந்து நிமிர்ந்தது. அலமாரிக் கதவுக்குள்ளிருந்து குளிர் வந்தது. திறந்து நாற்காலிகளை எண்ணினாள். ஆறு.

மரத்தை அகற்றி வழி விட்டபோது அகிலன் கியரை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தான்.

“அக்கா, லோரி இழுக்க மாட்டேங்குதே! பின்னால என்னத்த ஏத்துனீங்க?”

“ஒரு ரூம்புதான் தம்பி.”

“முன்னாடியே சொல்லக்கூடாதா லா? பெரிய லோரி கொண்டாந்திருப்பேன்ல.”

இரண்டாம் கியரிலேயே ஓட்டினான். மாடியேற்றும்போது அலமாரியை மட்டும் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அறை புதிய வீட்டுக்கு நேராகவே வந்தது. கீழ்வீட்டு மாலா, மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது என்று ஒரு முறை வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். கலாவதி நிலைப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். பழைய கேண்டீனில் கழித்துவிட்ட சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மேசையோரம் போட்டு உட்கார்ந்தாள். சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்ததும் அறை அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தது, போட்ட இடத்திலேயே. அவளிடம் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். மற்ற நாட்களில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மேசையைச் சுற்றி இப்போது ஏழு.