மூணுக்கு மேல் யாரும் சொல்லவில்லை

"வலி எவ்வளவு இருக்கு, ஐயா? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

கட்டிலில் கிடந்த பஸ் கண்டக்டர் கூரையைப் பார்த்தார். மின்விசிறி அவர் கட்டிலுக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. யோசிப்பது போலச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, "ரெண்டு" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். அவளுடைய வேலை அதுதான். இதே ஆஸ்பத்திரியில் முன்பு ஊசி போட்டாள், கட்டுப் பிரித்தாள், திட்டு வாங்கினாள். இப்போது கேள்வி மட்டும் கேட்கிறாள். ஆபரேஷன் முடிந்து மரப்பு விலகி, வலி தலைதூக்கும் நேரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் குப்பியை எடுத்து வந்து மூக்கில் ஒரு பீச்சு. அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து நம்பர் கேட்க வேண்டும். புது வலி மருந்து. ஊசி இல்லாமல், மாத்திரை இல்லாமல், மூக்கு வழியாகவே வேலை செய்யுமா என்று சோதிக்கிறார்கள். பாதிக் குப்பிகளில்தான் மருந்து. மீதி வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்று அவளுக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. வலி தாங்கவில்லை என்றால் எந்த நிமிஷமும் ஊசி கேட்கலாம், ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையெழுத்து வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் இதையெல்லாம் சொல்லியிருந்தாள். வார்டில் அவளுக்கு 'நம்பர் சிஸ்டர்' என்று பெயர் விழுந்திருந்தது.

ஆரம்பத்தில் எல்லா நம்பரும் வந்தன. ஒருவர் நாலு என்பார், அடுத்த கட்டில்காரர் எட்டு என்பார். கால் எலும்புக்குக் கம்பி வைத்த ஒரு மேஸ்திரி பன்னிரண்டு என்றார். பத்துக்கு மேல் கிடையாது என்று சொன்னதற்கு, "அது உங்க கணக்கும்மா, என் காலுக்கு அது தெரியாது" என்றார். இந்த வாரம்தான் நம்பர்கள் இறங்கின. ரெண்டு, ஒண்ணு, மறுபடி ரெண்டு. ஊசி கேட்பவர்களே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று அவள் நினைத்தாள். நினைக்க ஆசையாகவும் இருந்தது. இந்தச் சோதனை நன்றாக முடிந்தால் அடுத்த கட்டம் உண்டு. அடுத்த கட்டம் இருந்தால் அவளுக்கும் வேலை உண்டு. ஒர்க்‌ஷாப் மூடியதிலிருந்து கணவன் வீட்டில்தான் இருக்கிறான். சமையல், மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, துணி மடிப்பது எல்லாம் அவன்தான். குழம்பு அவள் வைப்பதைவிட நன்றாகவே வைக்கிறான். ஆனால் அதைப் பாராட்டினால் முகம் சுருங்கிவிடுகிறது. நேற்று அவனிடம், "வண்டி ஓடிடும்போல இருக்கு" என்று சொன்னபோது வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பைப் பார்த்தாள்.

கட்டைப் பார்க்கக் கண்டக்டரின் போர்வையை விலக்கினாள். ஹெர்னியா ஆபரேஷன், தையல் சுத்தமாக இருந்தது. போர்வையைத் திரும்ப இழுத்துவிடும்போதுதான் அதன் ஓரம் கையில் ஈரமாகப் பட்டது. கசங்கிச் சுருண்டிருந்த அந்த முனையில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அவள் பார்ப்பதைக் கவனித்து, அவர் அதை மெல்ல முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டார். அடுத்த கட்டிலில் பித்தப்பை எடுத்த வாட்ச் கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவருடைய போர்வையையும் பார்த்தாள். அங்கேயும் ஈரம்.

தாழ்வாரத்தில் வார்டு அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வார்டைப் பெருக்குவதும் கழுவுவதும் அவள் வேலை. சேதி சுமப்பது சம்பளமில்லாமல் செய்வது. எல்லாரும் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டதும், அக்காவின் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது.

"நான்தான் சொல்லி வெச்சேன். நம்ம சிஸ்டருக்கு வேலை போயிடக் கூடாது, மூணுக்கு மேல யாரும் வாயைத் திறக்காதீங்கன்னு. புதுசா வர்றவங்களுக்கும் நானே சொல்லிடறேன்."

"ஊசியும் கேக்கக் கூடாதுன்னா சொன்னீங்க, அக்கா?"

"ஊசி கேட்டா மருந்து தோத்துப்போச்சுன்னு அர்த்தமாமே. நீங்கதானே வீட்டுக்காரர்கிட்ட ஃபோன்ல பேசிட்டிருந்தீங்க."

பேசினாள்தான். இதே தாழ்வாரத்தில், இதே ஜன்னலருகே நின்று, மருந்து ஜெயித்தால்தான் அடுத்த வருஷம் வேலை என்று சொன்னாள். அக்காவைக் கோபிக்க வாய் வரவில்லை. சிஸ்டர் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து அக்கா ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். நம்பர் சிஸ்டர் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். காலையில் இரண்டு பஸ் மாறி வந்ததிலிருந்து உட்காரவில்லை. குதிகாலில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது.

முதலில் வந்த நினைப்பு, அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான். அவர்களாகச் சொன்னார்கள், அவள் எழுதினாள். யார் கேட்கப்போகிறார்கள்? அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து அதை இடித்துத் தள்ளியது. தண்ணீர் பீச்சிக்கொண்டவனும் ரெண்டு என்கிறான், மருந்து பீச்சிக்கொண்டவனும் ரெண்டு என்கிறான். அப்படியானால் மருந்தும் தண்ணீரும் ஒன்று என்றுதானே முடிவு வரும்? நல்ல மருந்தாகவே இருந்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அவள் வேலையும் கூடவே போகும். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று பல்லைக் கடித்த இத்தனை பேரும் சேர்ந்து பிள்ளையார் பிடிக்கப் போய், அது குரங்கில் முடிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. அப்புறம் கையில் பட்ட அந்த ஈரம் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டால் வந்துவிடும் ஊசியைக் கேட்காமல் ஒரு மனிதர் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். வேலை போவதும் இருப்பதும் அப்புறம். இது இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

பெரிய டாக்டர் தன் அறையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தார். காலையிலிருந்து ஆபரேஷன். அவள் சொல்லி முடிக்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை. கோபப்படவும் இல்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த வாரம் எடுத்ததெல்லாம் போச்சு, மருந்துக் கம்பெனிக்கு எழுதியாக வேண்டும் என்றார். "நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும், சார்."

"சரி. முதல்ல வலியில கிடக்கறவங்களைப் பாருங்க."

அவள் திரும்பி வந்தபோது பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வார்டு நர்ஸ் தட்டில் ஊசிகளோடு கூடவே வந்தாள். வாட்ச் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சுவரிலிருந்து சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினார். "எட்டு. காலையிலேர்ந்தே எட்டு, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, ஊசி ஏறுவதற்கு முன்பே பாதி குணமானவர் போலப் பெருமூச்சு விட்டார்.

கண்டக்டர் மசியவில்லை. பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல, சிஸ்டர். எதா இருந்தாலும் உள்ள தள்ளு, உள்ள தள்ளுதான். பஸ்ஸுலயும் அதான், வீட்டுலயும் அதான்."

"நீ சும்மா இரு" என்றார் அவர். பிறகு சிஸ்டரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என்னால உங்க சோத்துல மண்ணு விழக் கூடாதும்மா" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

அவள் கட்டிலோரமாக உட்கார்ந்தாள். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது விதி. கால் அந்த விதியைக் கேட்கவில்லை. பாதிக் குப்பிகளில் தண்ணீர் என்று முன்பே சொன்னதைத் திரும்பவும் நிதானமாகச் சொன்னாள். எல்லாரும் ரெண்டு என்றால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். முகத்தில் மெதுவாக ஒரு கலவரம் பரவியது.

"அப்போ டிக்கெட் எடுத்தவன் யாரு, எடுக்காதவன் யாருன்னு தெரியாம மொத்த பஸ்ஸையும் நடுவழியில இறக்கி விட்டுட்டோம்."

"அப்படித்தான், ஐயா."

"இப்போ உண்மையைச் சொன்னா, உங்களுக்கு வேலை இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகவே காத்திருந்தார். வீட்டில் ஒருவன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு எப்படி என்று கேட்கக் காத்திருப்பது போல. "தெரியலை" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வார்டு நர்ஸ் தட்டோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள். சிஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினாள். காலையிலிருந்து எத்தனையோ முறை கேட்ட அதே கேள்வியை, முதல் தடவை கேட்பவள் போலக் கேட்டாள். "வலி எவ்வளவு இருக்கு, ஐயா?"

 கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய வலது கை பிடியை விட்டு மேலே வந்தது. ஒரு விரல் நிமிர்ந்தது. இரண்டு. அங்கே சற்று நின்றது, பழக்கதோஷத்தில். பிறகு மூன்று, நான்கு, ஐந்து. மனைவி உரிப்பதை நிறுத்தினாள்; சுளை கையிலேயே இருந்தது. விரித்த உள்ளங்கை அந்தரத்தில் நிற்க, போர்வைக்கு அடியில் எதுவோ அசைந்தது. ஊசிக் குழாயும் பிளாஸ்திரியுமாக அவருடைய இடது கை மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.