அருவிக்குள் மூச்சடக்கியவன்

செண்பகா அருவிக்கு ஏறுகிற வழியில், பாதிக்கு மேல் வந்த பிறகு, தஸ்நேவிஸ் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். காலை நீட்டி, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, துறையில் கப்பலுக்குக் காத்திருக்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி கித்தேரி பக்கத்தில் நின்றாள். எழுப்ப வேண்டும் என்றுதான் நினைத்தாள். எழுப்பினால் தானும் மறுபடி நடக்க வேண்டுமே என்று தோன்றியதும் அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. காற்றிலேயே ஈரம் மிதந்து வந்து மயிரில் ஒட்டியது. இதைத்தான் சாரல் என்கிறார்கள். பாறைக்குப் பாறை தண்ணீர் கசிந்தது. வேரிலிருந்து சொட்டியது, இலையிலிருந்து சொட்டியது, வழியில் கிடந்த மாட்டுக் குளம்படியில்கூடத் தெளிந்த தண்ணீர் நின்றது. தூத்துக்குடியில் அவள் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறாள். இங்கே கேட்பாரில்லாமல் ஓடுகிறது. உப்பளத்தில் மூட்டை சுமந்து வெடித்துப்போன பாதத்தை ஓர் ஓடையில் வைத்தாள். எரியும் என்று நினைத்தாள். எரியவில்லை. அந்தச் சுகமே அவளுக்கு அழுகையாக வந்தது.

முன்னால் போன அவள் அண்ணன் இன்னாசி குடையை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஏளா, இப்படி உக்காந்தா பொழுது என்னத்துக்கு ஆவும்? சாயங்காலம் தென்காசில வண்டியப் புடிக்கணும்லா."

"அவங்க எந்திரிச்சா எந்திரிப்பேன்."

"நீ எந்திரி. அவன் தன்னால வாரான்."

"தன்னால என்னைக்கு வந்தாங்க? நீ சொல்லு பாப்போம்."

இன்னாசி மேலே பார்த்துக் கையசைத்தான். அவர்களைக் கூட்டிப்போகிற வன்னியபெருமாள் கீழே இறங்கி வந்தான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். புத்தி தெளியாதவர்களை அருவியில் நிறுத்தித் தெளியவைப்பதில் அவனுக்கு நல்ல பேர் என்று தென்காசி ஸ்டேஷனில் சொன்னார்கள். தோளில் வடக்கயிறு ஒரு சுற்று கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, இங்கனயே குடியிருக்கப் போறீரா? மேல பாரும், குரங்கு எல்லாம் உம்மையே பாக்குது. இன்னும் செத்த நேரம் இருந்தீர்னா அதுக சம்பந்தம் பேச வந்துரும்."

கித்தேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று சிரித்து. தஸ்நேவிஸ் குரங்கையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வன்னியபெருமாள் அவன் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கியதும் எழுந்து நடந்தான்.

தஸ்நேவிஸ் சங்கு குளிக்கிறவன். கடலடியில் அவன் இருக்கிற நேரத்துக்குத் தோணிக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். சங்குக்குள்ளேயே மூச்சை ஒளித்துவைத்திருக்கிறான் என்பார்கள். உலகச் சண்டை முடிந்த வருசம், அமைதியான ஒரு காலை நேரத்தில், கடலடியிலிருந்து அவனை நேரம் பிந்தித் தூக்கினார்கள். காதிலும் மூக்கிலும் ரத்தம். செத்தான் என்றுதான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சாகவில்லை. ஆனால் அன்றோடு பேச்சுப் போயிற்று. கடலிருக்கிற பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டான். தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றப் போனால் கித்தேரியின் கையை முறிக்கிற மாதிரிப் பிடிப்பான். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத்தான் இவ்வளவு காலமும் வைத்திருக்கிறாள். இரவில் எழுந்து எங்கேயாவது போய்விடுவான் என்று வாசலுக்குக் குறுக்கே படுப்பாள். விடிந்தால் அளம்.

பனிமய மாதாவுக்கு நேர்ந்தாயிற்று. உவரி அந்தோணியார் கோயிலில் மணலில் கிடந்தாயிற்று. கடைசியாகத்தான் யாரோ குற்றாலம் சொன்னார்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டாள். "அருவித் தண்ணி ஆண்டவர் படைச்ச தண்ணிதான், குளிச்சா குத்தமில்ல. பக்கத்துல இருக்க கோயிலுக்குள்ள மட்டும் போயிராத" என்றார்.

இன்னாசி கொழும்புக்குப் போகிறான். இந்த வாரக் கப்பலில் டிக்கெட் ஆகிவிட்டது. அங்கே ஒரு பங்களாக் குசினியில் சமையல் வேலைக்குப் பொம்பளை ஆள் கேட்கிறார்கள். "அருவியையும் பாத்துருவோம். ஆவலன்னா மாப்ளய உவரில விட்டுருவோம். அங்கன எத்தனையோ பேரு கெடக்கான், கோயில்ல கஞ்சி ஊத்துதாங்க. நீ எங்கூட வா. இப்படியே இருந்தா நீயும் செத்துப் போவ" என்றான். கித்தேரி சரி என்று சொல்லியிருந்தாள். யோசித்துச் சொன்ன சரி இல்லை. அளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டான், சொல்லிவிட்டாள். கொழும்பு எப்படியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம் என்பதை மட்டும்தான் நினைத்தாள். இந்த மலையில் ஏறும்போதுகூட, அவனுக்குச் சுகமாக வேண்டும் என்று செபம் சொல்லத் தொடங்கி, பாதியில் அந்தத் தூக்கத்தை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

அருவிச் சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது. பாறை அதிர்ந்தது. ஒரு வளைவு திரும்பியதும் தெரிந்தது. கீழே இருக்கிற பெரிய அருவியைப் போல அகலம் இல்லை. ஒடுங்கிய பாறை இடுக்கிலிருந்து வெள்ளையாக இறங்கி, கீழே குண்டு என்கிற கறுத்த ஆழமான பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதன் ஓரமாக, தண்ணீரின் ஒரு கிளை மட்டும் தனியாகப் பிரிந்து மேடையைப் போன்ற பாறையில் விழுந்தது. அங்கேதான் ஆட்களை நிறுத்துவது.

வன்னியபெருமாள் தஸ்நேவிஸை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தான். தலையிலும் தோளிலும் படபடவென்று அடித்துத் தேய்த்தான். பிறகு கயிற்றை அவன் இடுப்பில் கட்டினான்.

"இது எதுக்கு?" என்றாள் கித்தேரி.

"அந்தக் குண்டப் பாத்தியாம்மா? விழுந்தா விழுந்ததுதான். தெளிஞ்ச ஆளே வழுக்கி உள்ள போயிருதான். நான் யாரையும் கட்டாம விடுறதில்ல."

கயிறு இடுப்பில் பட்டதும் தஸ்நேவிஸ் அசையாமல் நின்றான். குனிந்து முடிச்சைப் பார்த்தான். அதை அவிழ்த்துவிட்டு, தானே வேறொரு முடிச்சுப் போட்டான். விரல்கள் யாரையும் கேட்காமல் வேலை செய்தன. வன்னியபெருமாள், "ஏன், நான் போட்ட முடிச்சு மாப்பிள்ளைக்குப் பிடிக்கலியோ?" என்று சிரித்தான். கித்தேரி சிரிக்கவில்லை. இவ்வளவு காலத்தில் தஸ்நேவிஸ் தானாகச் செய்த முதல் வேலை அது.

முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் மறுநுனியைக் கையில் எடுத்துக்கொண்டு யாரையோ தேடினான்.

அவர்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலியறுத்து அறுதலியாவதற்கு எந்த அண்ணன் சம்மதிப்பான் என்பது அதிலிருக்கிற நியாயம். பெண்டாட்டி அந்தக் கயிற்றைத் தொடவே கூடாது. மணலில் காயப்போட்டிருந்தால் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போவாள். அவனைப் பிந்தித் தூக்கிய அன்றைக்கும் கயிறு இன்னாசியின் கையில்தான் இருந்தது. கீழே பாறையில் சிக்கிக்கொண்டது என்று சொன்னான். கித்தேரி அதற்கு மேல் கேட்டதில்லை.

இன்னாசி குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "குடு மாப்ள" என்றான்.

தஸ்நேவிஸ் அவனைச் சந்தையில் எதிர்ப்படுகிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். விலகி நடந்து வந்து, கயிற்றைக் கித்தேரியின் கையில் வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.

"ஐயோ, பொம்பள தொடக் கூடாது மாப்ள!" என்றான் இன்னாசி.

கித்தேரி நெருப்பைத் தொட்டதுபோல உதறப் பார்த்தாள். அதற்குள் தஸ்நேவிஸ் சிலுவை போட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அருவிக்குள் போய்விட்டான்.

ஒரு செம்புத் தண்ணீரைத் தாங்காத தலையில் அவ்வளவு தண்ணீரும் விழுந்தது. அவன் நின்றான். கால் அகற்றி, தலையைக் குனிந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி நின்றான். "நல்லா நிக்காரும்மா! முத நாளே இப்படி யாரும் நின்னதில்ல" என்றான் வன்னியபெருமாள். கொஞ்ச நேரம் போயிற்று. வன்னியபெருமாளின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"என்ன இவரு மூக்க விட மாட்டேங்காரு? ஏய் அண்ணாச்சி! குனிஞ்சு வாயால மூச்சு விடும்! அருவில எவனாவது மூச்ச அடக்குவானா?"

சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும். இன்னாசி தங்கையின் தோளைப் பிடித்தான். "ஏளா, அவன் அருவில நிக்கல. கடலுக்கு அடில இருக்கான்."

"எப்ப இழுக்கணும்?"

"ஆட்டுவான். மூச்சு முடியப் போவும்போது கயிற ஆட்டுவான்."

கயிறு கையில் ஆடிக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர் அதை ஆட்டியது. விழுகிற ஒவ்வொரு அடியும் கயிறு வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது. இதில் எது தண்ணீர், எது மனுசன்?

"ஆட்டுனா எப்படிண்ணே இருக்கும்? சொல்லேன். எப்படித் தெரியும்?"

இன்னாசி தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கித்தேரி இழுத்தாள். உப்பு மூட்டை தூக்குகிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். தஸ்நேவிஸ் தடுமாறி வெளியே வந்து, முழங்காலில் விழுந்தான். உள்ளே அடக்கியிருந்த மூச்செல்லாம் சீழ்க்கையடித்ததுபோல வெளியே வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்தான்.

"ஏன் மச்சான் இழுத்த?" என்றான். குரல் துருப்பிடித்திருந்தது. "நான் இன்னும் ஆட்டலயே."

"பேசிட்டாரு!" வன்னியபெருமாள் துள்ளினான். அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "வாய் வராத ஆளு பேசிட்டாரு, கேட்டீயளாவே!"

கித்தேரி தஸ்நேவிஸ் முன்னால் குந்தினாள். அவன் கண்கள் தன் முகத்தில்தான் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும், பேர் சொல்லிக் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள்.

"இந்த எடத்துல சங்கே இல்ல மச்சான்" என்றான் அவன். "தோணிய கொஞ்சம் கெழக்க தள்ளச் சொல்லு. இன்னொரு தரம் எறங்கிப் பாக்கேன்."

இன்னாசி அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "மாப்ள, நான் இங்கன நிக்கேன்" என்றான். மறுபடியும் சொன்னான். தஸ்நேவிஸ் திரும்பவில்லை. அந்தக் குரல் அவன் இருக்கிற இடத்துக்கு எட்டவில்லை.

அந்த இடம் எது என்று கித்தேரிக்கு இப்போது தெரிந்தது. அவனைத் தூக்குவதற்கு முந்திய ஒரு காலை அது. அங்கே அவளுக்கு வேலை இல்லை. அவள் கரையில், வீட்டில், குசினியில் இருப்பாள். அங்கே இருக்கிறது கயிறு பிடிக்கிற மச்சான் மட்டும்தான். சுகமாகிவிட்டதா இல்லையா, யாரைக் கேட்பது? சந்தோசப்பட வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை. அப்படியே அந்த ஈரப் பாறையில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது.

தஸ்நேவிஸ் எழுந்து இடுப்பு முடிச்சை இறுக்கிப் பார்த்துக்கொண்டான். "புடிச்சுக்கிடு மச்சான். அவசரப்படாத. ஆட்டுன பெறவு இழு."

அவள் தொண்டையைச் செருமினாள்.

"சரி மாப்ள" என்றாள்.

கட்டினவனை அப்படிக் கூப்பிட்ட பெண் அவர்கள் கடற்கரையிலேயே இருந்திருக்க மாட்டாள். அவனுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனான். வெள்ளைத் தண்ணீர் அவனை மூடிக்கொண்டது.

இன்னாசி கிட்டே வந்தான். "கித்தேரி, கயிற எங்கிட்ட குடு" என்றான். "வண்டிக்கும் நேரமாவுது."

அவள் திரும்பவில்லை. ஒரு காலைப் பாறை இடுக்கில் ஊன்றிக்கொண்டு, தண்ணீர் ஆட்டுகிற கயிற்றில் வேறு ஏதாவது வருகிறதா என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னாசி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சாரல் அதில் பொடிப்பொடியாக இறங்கி, உள்ளங்கைக் குழியில் தண்ணீராகத் தேங்கத் தொடங்கியது.